கம்பத்தில் ஆள் இருந்தபோது

மாடியில் சோலார் தகடுகள் போட்ட வருடமே புயல் வந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முனையில் இருந்த மின்கம்பம் சாய்ந்துவிட்டது. மறுநாள் காலை வானம் வெளுத்து நல்ல வெயில் அடித்தது. ஆனால் வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"இவ்ளோ வெயில் அடிக்குது, இதுக்கு என்ன ஆச்சு?" என்றார் என் கணவர். தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. தகடு பொருத்தியவருக்குப் போன் செய்தேன். "லைன்ல கரண்ட் இல்லன்னா இதுவும் நின்னுடும் மேடம். பேட்டரி இல்லாத சிஸ்டம் அப்பிடித்தான்" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவள் கணவர் மின்துறையில் லைன்மேன். விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டார். அவள் கையில் ஒரு சின்ன டப்பா.

"அக்கா, மாமியாரோட இன்சுலின். உங்க வீட்லதான் சோலார் இருக்கே, ஃப்ரிட்ஜ்ல வெச்சிக்கிறீங்களா?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. வெளிச்சம் பட்டால் தகட்டுக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாக ஓடும், அந்த ஓட்டம்தான் மின்சாரம் என்று அவளிடம் பெருமையாக விளக்கியவளே நான்தான்.

"ஃப்ரிட்ஜ் ஓடலம்மா. தெருவுல கரண்ட் நின்னா எங்களுதும் தானா நின்னுடுமாம்."

"வெயில் இருந்தா போதும்னு சொன்னீங்களே?"

"வெயில் போதும்தான். ஆனா இது தெரு கம்பியோட சேந்தது. லைன்ல கரண்ட் இல்லன்னு நம்பி யாராச்சும் கம்பத்துல ஏறியிருப்பாங்க. அப்ப எங்க மாடியிலேர்ந்து கரண்ட் அந்தக் கம்பிக்குப் போச்சின்னா..."

அவள் வாசல் வழியாகத் தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக நட்ட கம்பத்தின் உச்சியில், இடுப்பில் கயிறு கட்டி, அவள் கணவர் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அது நின்னே இருக்கட்டும்க்கா" என்றாள் மெதுவாக.

மருந்தைப் பாலித்தீன் பையில் சுற்றி ஒரு சின்ன மண்பானைக்குள் வைத்தோம். பானையை ஈரமணல் பரப்பிய தட்டில் இறக்கி, ஈரத்துணி போர்த்தி, நிழலான மூலையில் வைத்தோம். துணி காயக் காய இருவரும் மாறி மாறித் தண்ணீர் தெளித்தோம்.

வெயில் சாய்வதற்குள் கரண்ட் வந்தது. எங்கள் பெட்டி உடனே ஓடவில்லை. கம்பியில் மின்சாரம் நிலையாக இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பச்சை விளக்கைக் காட்டியது. காலையில் அதைக் குறை சொன்ன என் கணவர் இப்போது கிட்டப் போய் அந்த விளக்கைப் பார்த்தார்.

அடுத்த மழைக்கு முன் பேட்டரி வைத்தோம், கரண்ட் நின்றதும் தெருக் கம்பியிலிருந்து வீட்டைப் பிரித்துவிடும் சுவிட்சோடு. அன்று பக்கத்து வீட்டு லைன்மேன் தானாகவே வந்து, அது ஒழுங்காகப் பிரிக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"இனிமே தைரியமா ஏறலாம்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.