இரட்டை விசிலுக்குக் காத்திருந்தவர்

எங்கள் அத்தானை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஓட்டும் பஸ்ஸில் நான் கண்டக்டர். என் அக்காவைக் கட்டியவரும் அவரே. ஆகவே வேலை நாளெல்லாம் அவருடைய பின்மண்டையைப் பார்ப்பேன், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போய் முகத்தையும் பார்ப்பேன். என்னைக் கோபக்காரன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பத்தொன்பது வருஷம் அந்த மனிதருக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு அப்புறம் வந்து சொல்லட்டும்.

ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. பதினெட்டு வயதில் லாரியில் கிளீனராக ஏறியவர், பிறகு அதே லாரிக்கு டிரைவர் ஆனார், பிறகு பஸ்ஸுக்கு வந்தார். இதுவரை ஒரு கீறல் கிடையாது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. தினமும் காலையில் பழைய செய்தித்தாளை நனைத்துக் கண்ணாடியைத் தானே துடைப்பார், அதிலும் செய்தியைப் படித்துவிட்டுத்தான் நனைப்பார். குறை ஒன்றே ஒன்றுதான்: நான் இரண்டு விசில் கொடுக்காமல் வண்டியை எடுக்க மாட்டார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பஸ்ஸுக்கு வந்த முதல் மாதம், ஒரு பெண்மணி இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு நகர்த்திவிட்டார். அந்த அம்மாள் இறங்கிவிட்டார், அவருடைய இடது செருப்பு இறங்கவில்லை. அம்மாள் வீட்டுக்கும் போகாமல், பஸ் திரும்பி வரும்வரை அதே நிறுத்தத்தில் ஒற்றைச் செருப்போடு நின்று, வண்டியை மறித்து, முக்கால் மணி நேரம் அத்தானின் ஏழு தலைமுறையையும் பெயர் தெரியாமலேயே வரிசையாக விசாரித்தார். அன்றோடு அத்தான் ஒரு முடிவுக்கு வந்தார். ஒற்றை விசில் என்றால் நிற்கும், இரட்டை விசில் என்றால் கிளம்பும், வேறு எதற்கும் அவருடைய கால் அசையாது. டிப்போவுக்குள் வண்டியை நகர்த்துவதானாலும் நான் போய் ஊத வேண்டும். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்துக்கொண்டதில்லை. ஒருமுறை விசில் வாயில் இருக்கும்போது எனக்கு விக்கல் வந்துவிட்டது. வண்டி பத்தடிக்கு ஒருதரம் நின்றது, சேர்ந்தாற்போல் இரண்டு விக்கல் வந்தால் கிளம்பியது. இப்படியே சந்தைவரை போய்ச் சேர்ந்தோம். ஏன் என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை.

இந்த வருஷம் அவருக்கு ஐம்பது முடிந்தது. பயணிகள் வண்டி ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் படிவமும் போட்டோவும் கொடுத்தால் போதும். இப்போது ஐம்பது தாண்டியவர்கள் கண்ணைக் காட்ட வேண்டும், ஓட்டியும் காட்ட வேண்டும் என்று புது விதி. சனிக்கிழமையோடு பழைய லைசென்ஸ் முடிகிறது. அதற்குள் புதுசு வராவிட்டால் டயர் கிடங்கில் காற்றுப் பார்க்கும் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அத்தானுக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதைப் பிடிக்கவும் தெரியாது. வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் சுவரையே மாற்ற வேண்டியிருக்கும்.

கண் பரிசோதனையில் ஒரு தொல்லையும் இல்லை. பலகையில் இருந்த எழுத்தையெல்லாம் படித்து, அடியில் பொடியாக இருந்த அச்சகத்தின் முகவரியையும் படித்து, பின்கோடைச் சொல்ல ஆரம்பித்தபோது டாக்டர் போதும் என்று கும்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஓட்டிக் காட்டும் நாள். சோதனை மைதானத்துக்கு டிப்போ பஸ்ஸைக் கொண்டு போனோம். ஆய்வாளர் ஒரு குள்ளமான அம்மா. கையில் கோப்பு, முகத்தில் சிரிப்பு என்ற பொருளே கிடையாது. ஓட்டுபவரும் அவரும் மட்டும்தான் வண்டியில் இருக்கலாம் என்று என்னை இறக்கிவிட்டார். நான் வேலிக்கு வெளியே நின்றேன்.

“எடுங்க” என்றார் ஆய்வாளர்.

“எடுக்கலாம் மேடம்” என்றார் அத்தான். கியரைப் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“எடுங்கன்னு சொன்னேன்.”

“ரெடி மேடம்.”

“ரெடின்னா எதுக்கு வெயிட் பண்றீங்க?”

அத்தான் யோசித்தார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. கிளட்சில் இருந்த கால் மேலே வர மறுத்தது. வியர்த்து ஊற்றியது. எனக்கு வேலிக்கு வெளியில் நிற்கும்போதே விஷயம் புரிந்துவிட்டது. பதினோரு நிமிஷம் எஞ்சின் ஓடியது, வண்டி ஓடவில்லை. கடைசியில் அந்த அம்மா கோப்பில் எழுதியதை நான் பிறகு படித்தேன்: ‘ஓட்டுநர் நல்ல நிலையில் உள்ளார். வாகனம் நல்ல நிலையில் உள்ளது. நகரவில்லை. வெள்ளிக்கிழமை மீண்டும் வரவும்.’

வீட்டில் அக்கா பயிற்சி ஆரம்பித்தாள். கூடத்தில் நாற்காலியைப் போட்டு, கையில் ஒரு தட்டைக் கொடுத்து, “எடுங்க” என்றாள். தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதட்டினாள், கெஞ்சினாள், முதுகில் குத்தினாள். எருமை மேல் மழை பெய்த மாதிரி இருந்தார். சமையலறையில் குக்கர் இரண்டு தடவை கத்தியது. கால் தானாக மேலே வந்தது.

அக்கா ஓய்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்தாள். “இருபத்திமூணு வருஷமா நான் சொல்ற ஒண்ணும் காதுல ஏறல. கண்டவன் ஊதுறதுக்கும் குக்கர் ஊதுறதுக்கும் மட்டும் வேலை செய்யுது.”

கண்டவன் என்பது நான்தான். எனக்கும் சுருக்கென்றது.

அன்றிலிருந்து அத்தான் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை கடைசி டிரிப் முடிந்ததும் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, “டயர் கிடங்குல ஜன்னல் இருக்கா மாப்ளே?” என்று கேட்டார். ஜன்னல் கிடையாது. இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி அழுதேன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை நான் செய்தது தப்பு என்றாலும் வேறு வழியில்லை. மைதானத்து வேலிக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். ஆய்வாளர் “எடுங்க” என்று சொன்னதும் இரண்டு விசில் கொடுத்தேன். அத்தானின் பஸ் அலுங்காமல் கிளம்பியது. ஆகா, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. பக்கத்துத் தடத்தில் தண்ணீர் லாரியில் ஒரு மீசைக்காரர் தன் முறைக்காகக் காத்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் விசிலைக் கேட்டதும் அவரும் எடுத்துவிட்டார். அவருடைய ஆய்வாளர் இன்னும் ஏறவே இல்லை. லாரி எட்டு பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போனது. பயத்தில் நான் ஒற்றை விசில் ஊத, லாரியும் நின்றது, எங்கள் பஸ்ஸும் நின்றது.

காவலாளி தொட்டியைச் சுற்றி வந்து என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். ஆய்வாளர் அம்மா இறங்கி வந்தார்.

“யார் நீங்க?”

“அவரோட கண்டக்டர் மேடம். மச்சினன்.”

“விசிலைக் கொடுங்க.” கொடுத்தேன். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். “இவரு ஓட்டுறாரா, நீங்க ஓட்டுறீங்களா?”

திருதிருவென்று முழித்தேன். அவர் காவலாளியைப் பார்த்து, “இவரை கேட்டுக்கு வெளிய விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினார். “கடைசி வாய்ப்பு. எடுங்க” என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

வண்டி நகரவில்லை. காவலாளி என் சட்டைக் காலரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அத்தானின் முகம் வெளிறிப்போயிருந்தது. நல்ல மனிதர் ஒருவரைப் பத்தொன்பது வருஷமாக ஊதி ஊதியே கெடுத்துவிட்டேனே என்று தோன்றியது. “விடுய்யா, ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறேன்” என்று கையை உதறினேன். காவலாளி என் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார்.

எஞ்சின் சத்தம் மாறியது. யாரும் ஊதவில்லை. பஸ் கிளம்பியது. மிச்சமிருந்த கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, ஒன்றையும் தொடாமல், நேராக எங்களை நோக்கி வந்து காவலாளிக்கு முன்னால் ஓரடியில் நின்றது. அத்தான் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். அவர் குரல் உயர்ந்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

“அவன் மேல கை வைக்காதீங்க. என் பொண்டாட்டி தம்பி அவன். அவனை அடிக்கிறதுன்னா அது எங்க வீட்டு ஆளுங்க வேலை.”

காவலாளி காலரை விட்டார். உள்ளே ஆய்வாளர் அம்மா கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கோப்பைத் திறந்து, “நகர்ந்தது” என்று எழுதினார். பிறகு, “அப்படியே பின்னாடி எடுங்க” என்றார்.

எடுத்தார். மேட்டில் நிறுத்தி எடுத்தார். திருப்பி எடுத்தார். சொன்ன மாத்திரத்தில் எடுத்தார். சாயங்காலம் நான்கு மணிக்குப் புது லைசென்ஸ் கைக்கு வந்தது. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, போட்டோவிலும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று திட்டினாள், உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உள்ளே எங்கோ கொஞ்சம் எரிந்தது. இனி நான் எதற்கு?

சனிக்கிழமை காலை முதல் டிரிப்புக்குப் புது விசில் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பெண் சுருட்டிய மெத்தையோடு நின்றார். நான் இறங்கி மெத்தையை உள்ளே தள்ளி, அவரையும் ஏற்றிவிட்டு, கீழே கிடந்த தலையணையை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது பஸ்ஸைக் காணோம்.

தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். ஒற்றை விசில் ஊதினேன், மூச்சு இருக்கிறவரை ஊதினேன். பின் கண்ணாடியில் பயணிகள் எனக்குக் கையாட்டினார்கள். அடுத்த நிறுத்தத்தில்தான் பிடித்தேன். அத்தான் ஒரு காலை ஆட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“நான் ஊதவே இல்லையே அத்தான்.”

“அதுக்கெல்லாம் காத்துக்கிட்டு இருந்தா எப்ப போய்ச் சேர்றது மாப்ளே?” என்று சொல்லிவிட்டு, நான் ஒரு காலைப் படியில் வைத்திருக்கும்போதே வண்டியை எடுத்தார்.