சைமன்ராஜ் செய்த ஃபேன் டார்ச்

சைமன்ராஜுக்கு நான் முப்பத்தாறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஏழு வருஷம் அதைக் கடன் என்று நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.

நான் படித்தது நாலாம் வகுப்பு. கூலிக்குக் களை பறித்த வீட்டுப் பிள்ளை. இன்றைக்கு மந்தாரக்குப்பத்தில் பெரியண்ணன் மோட்டார் பட்டறை என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் வழி தவற மாட்டார். கருகிய மோட்டாரை முகர்ந்தே எந்தக் காயில், எந்தக் கம்பிச்சுருள் போனது என்று சொல்லுவேன். இன்ஜினியர்கள் என் ஸ்டூலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சைமன் பழுப்பு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். பெர்மனெண்ட் ஆகாமலே நாற்பதைத் தாண்டியவன். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் புகுந்து உருளைகளைப் பார்க்கும் வேலை. அங்கே பகலிலும் இருட்டு. சாதாரண டார்ச் எட்டாது. அதனால் நூறு வாட் எல்.இ.டி. வாங்கி, அலுமினியத் தகட்டில் வைத்து, சொந்தமாக ஒரு டார்ச் செய்தான். வெளிச்சம் அந்தக் கோடி வரை பாய்ந்தது. ஆனால் இரண்டே நிமிஷத்தில் கை வைக்க முடியாத சூடு, வெளிச்சமும் மங்கியது. தகட்டைப் பெரிதாக்கினால் கனம். கம்ப்யூட்டரில் இருக்கும் சின்ன ஃபேனை வைத்தான். சூடு தணிந்தது, ஃபேன் பேட்டரியைத் தின்றது. ஷிப்ட் முடிந்ததும் என் பட்டறைக்கு வந்து எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினான்.

அவனுடைய கான்ட்ராக்டர் பன்னீர்செல்வம் பார்த்துவிட்டு இருபது டார்ச் கேட்டார். சைமன், தன் மனைவி அன்னமேரியின் சங்கிலியை அடகு வைத்து, சாமான் வாங்க முப்பத்தாறாயிரத்தை என் கையில் கொடுத்தான். பேட்டரி அவன் பொறுப்பு, கூடு என் பொறுப்பு. காற்று உள்ளே போய் நேராக எல்.இ.டி. மேல் அடிக்கட்டும் என்று இருபது கூட்டிலும் ஓட்டை போட்டேன்.

அதைப் பார்த்த சைமன், காயில் கட்ட வந்திருந்த ஒரு மோட்டாரைக் காட்டினான். "மேஸ்திரி, இதுல ஃபேன் வெளியதான சுத்துது. உள்ள எல்லாம் மூடிக்கினு இருக்கு. காத்து, மேல வரிவரியா இருக்கிற தகட்டை மட்டும் தடவிக்கினு போவுது. நாமளும் இப்படிச் செஞ்சா கரித்தூள் உள்ள போவாதில்ல?"

முப்பது வருஷமாக என் கையில் உருளும் மோட்டார். பட்டறையில் நாலு பேர் நின்றார்கள். "எனக்கே மோட்டார் சொல்லித் தர்றியா? என் ஓட்டையால ஒரு டார்ச்சு நின்னாலும் ஒன் பணம் முழுசும் நான் தரேன், போ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு பேட்டரி ஒயர்களை ஈயத்தால் பற்றவைக்க உட்கார்ந்தான்.

பட்டறையில் இருபதும் மணிக்கணக்கில் எரிந்தன. என் பட்டறையில் கரித்தூள் பறக்காது. மைன்ஸில் பதினோரு நாள்தான் தாங்கின. ஈரமான பழுப்புத் தூளை ஃபேன் உள்ளே இழுத்தது; அது சேறு மாதிரி அப்பிக்கொண்டதில் ஃபேன் நின்றுபோனது. ஃபேன் நின்றதும் எல்.இ.டி. கருகியது. பன்னீர்செல்வம் கோணியில் கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் கொட்டி, யார் தப்பு என்று கேட்டார். ஒன்றைக் கழற்றினேன். உள்ளே தூளைப் பார்த்தேன். உடனே மூடினேன்.

பேட்டரியைப் பற்றவைத்தது சரியில்லை என்று சொன்னேன். சைமன் என்னைப் பார்த்தான்.

அதன் பிறகு பன்னீர்செல்வம் அவனிடம் மண்வெட்டியைக் கொடுத்து, சிந்திய கரியை அள்ள விட்டார். சங்கிலி ஏலத்தில் போனது. பற்றவைக்கும் கோலைக்கூடப் பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்குக் கொடுப்பினை இல்லை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் ஒருவர் கடையில் வாங்கிய ஃபேன் டார்ச்சை, சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுவந்தார். கழற்றினேன். ஃபேன் தனி அறையில் இருந்தது. எல்.இ.டி.யும் பேட்டரியும் சுவருக்கு அந்தப் பக்கம், ரப்பர் வளையம் போட்டு மூடியிருந்தன. அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

முதலில் பன்னீர்செல்வத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். "எந்த டார்ச்சு?" என்றார் அவர்.

பிறகு அதே மாதிரி டார்ச் ஒன்றை வாங்கிக்கொண்டு வடக்குத்துக்கு, சைமன் வீட்டுக்குப் போனேன். அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஃபேன் இருக்கும் பக்கத்தை ஊதினான். ஸ்க்ரூ மேல் நகம் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டான்.

"நீ காட்டினதுதான் சைமன். ஒன் பேட்டரியில தப்பில்ல, என் ஓட்டைதான். கழட்டின அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் தலையாட்டினான். அன்னமேரிதான் பேசினாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, கடையில வாங்கியாந்த டார்ச்சை இவரு இப்படிப் பாத்துக்கினு குந்தியிருக்க மாட்டாருங்க."

வட்டியும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தேன். வட்டி வேண்டாம் என்றான் சைமன். சங்கிலி அவளுடையது, பணத்தை அவளிடமே கொடுங்கள் என்றான். அன்னமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். விரித்த அந்த உள்ளங்கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தேன், எழுபத்திரண்டு வரை.