பழங்கஞ்சிக் குமிழிகள்

அடேலியாவைச் சாது என்று லோசா ஏரிக்கரையில் ஒருவரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் பாதி ஆயுளைக் கழித்தவள். ஒருமுறை கோழி திருடிய நரியைக் கண்ணி வைத்துப் பிடித்து, அதன் தோலில் தொப்பி தைத்து, அதைப் போட்டுக்கொண்டு காட்டு வழியாகவே வேலைக்குப் போய் வந்தாள். மற்ற நரிகளும் பார்க்கட்டும் என்றாள்.

கணவன் யாசெப் நேர்மாறு. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பிரீம் மீன்தான். தாம்பாளம் போல அகன்று, ஏரியடிச் சேற்றைக் கிளறித் தின்னும் மீன். ஏரி உறைந்து கிடந்த கடைசி வாரங்களில் பனிக்கட்டியைத் துளைத்து, இரண்டு நீளக் கம்புகளை அடிச்சேற்றில் இறக்கி வைத்தான். பனி உருகியதும் அவற்றுக்கு நடுவே படகைக் கட்டி உட்கார வேண்டும். கம்பு நட்டு இரை போடுகிறவர்தான் அங்கே தூண்டில் போடலாம். அந்த ஏரியில் அதுவரை யாரும் மீறாத வழக்கம் அது. பனி உருகும் முன்பே யாசெப்பின் இதயம் நின்றுவிட்டது.

அடேலியா அழுதுகொண்டே பார்லியும் பட்டாணியும் வேகவைத்துக் கஞ்சி காய்ச்சினாள். பனி உருகியபின் சாயங்காலம் தோறும் படகில் போய்க் கம்புகளுக்கு நடுவே இரையாகப் போட்டாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இந்த மீனுக்கு ரொம்பவே பொருந்தும். மிஞ்சிய கஞ்சி அடியில் புளித்தால் மீன் அந்தப் பக்கமே தலைகாட்டாது. அவள் அளந்துதான் போட்டாள். மீன் கூடியதும் ஒரு விடியற்காலையில் தூண்டிலோடு போனாள். யாசெப்பின் கம்புகளில் பக்கத்து வீட்டு விக்கென்டியின் படகு கட்டியிருந்தது.

"அண்ணே, அது எங்க வீட்டுக்காரர் நட்ட கம்பு."

"நட்டவன் எங்கம்மா? கூப்பிடு, கேப்போம்." விக்கென்டி மீசையைத் தடவிக்கொண்டான். "ஏரிக்கு வேலியா போட்டிருக்கு? போய்க் கஞ்சியக் காய்ச்சு. உன் கஞ்சிக்கு மீன் நல்லாத்தான் வருது."

கரையில் இருந்தவர்கள் காதில் விழுந்தது. ஊரின் உருளைக்கிழங்கு வயல்களை எல்லாம் அவன் டிராக்டர்தான் உழுதது. ஆளுக்கொரு பக்கம் திரும்பித் தங்கள் தூண்டிலைப் பார்த்தார்கள். யாசெப்பின் இடம் கைவிட்டுப் போகக் கூடாதென்று அவள் கஞ்சி போடுவதை நிறுத்தவில்லை. அந்தக் கோடை முழுக்க விக்கென்டி அவள் கஞ்சிக்கு வந்த மீன்களைப் பிடித்து உப்பிட்டு, அவள் ஜன்னலுக்கு எதிர் வேலியிலேயே காயப்போட்டான். அவள் ஜன்னலைச் சாத்தவில்லை. தினமும் பார்த்தாள். வயிறு எரிய எரியப் பார்த்தாள். அந்த எரிச்சல் ஆறிவிடக் கூடாது என்றே பார்த்தாள்.

மறு வருஷம் விக்கென்டி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பந்திக்கு வேண்டிய பிரீம் முழுவதையும் தானே பிடித்துப் புகைபோடப் போவதாகவும், சம்பந்தி லாவ்ரென் படகில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போதும் என்றும் அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"கூடை நிறையலேன்னா மீசைய எடுத்துடுறேன், சம்பந்தி!"

அடேலியா வழக்கம்போல, அவன் கண்முன்னாலேயே கஞ்சி கொண்டுபோனாள். ஆனால் இந்த முறை அளக்கவில்லை. வாளி வாளியாகக் கொட்டினாள். பிறகு நாணல் வளைந்து மறைக்கும் மூலைக்குப் போய், கம்பும் அடையாளமும் இல்லாத ஓரிடத்தில் ஒரு சட்டி மட்டும் அளந்து போட்டாள்.

பிரீம் கூட்டம் சேற்றைக் கிளறினால் மேலே குமிழி குமிழியாக வரும். அடியில் அழுகும் கஞ்சியிலிருந்தும் அதே மாதிரிதான் வரும். மோந்து பார்த்திருந்தால் விக்கென்டிக்குத் தெரிந்திருக்கும். பந்திக்கு மீன் பிடிக்கப் போன காலையில் அவன் மூக்கு சம்பந்தியோடு சாராயப் பாட்டிலில் இருந்தது.

"பாருங்க சம்பந்தி, எப்படிக் கொதிக்குது! கீழ மந்தையே மேயுது!"

"மேயுறது சரி, கடிக்க மாட்டேங்குதே?" என்றார் லாவ்ரென்.

"கடிக்கும், கடிக்கும். மேயுற இடத்த விட்டுட்டு எந்த மடையன் போவான்?"

வெயில் ஏறியது. குமிழி நிற்கவில்லை, தூண்டிலும் அசையவில்லை. அப்போதுதான் நாணல் மூலையிலிருந்து அடேலியாவின் படகு வந்தது. கூடையில் மீன்கள் துடிக்கும் சத்தம் தண்ணீர் மேல் நன்றாகக் கேட்டது. லாவ்ரென் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

"அடேலியா, நில்லும்மா," என்று குரலைத் தாழ்த்தினான் விக்கென்டி. "கல்யாண வீடு. பாதிக் கூடையாவது குடேன்."

"ஏரிக்கு வேலியா போட்டிருக்கு, அண்ணே? புடிச்சுக்கோங்க."

துடுப்பை அவள் அவசரமாகப் போடவில்லை. பழி தீர்த்த இனிப்பை மெல்ல மெல்லச் சுவைத்தாள்.

கல்யாணப் பந்தியில் கடைச் சரக்கு மீன்தான் பரிமாறினார்கள். லாவ்ரென் விடாப்பிடியாக நின்று மீசையை எடுக்க வைத்திருந்தார். அடேலியா கொளுத்தும் வெயிலில் நரித்தோல் தொப்பியோடு வந்து, மணமக்களை வாழ்த்திவிட்டு, விக்கென்டிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இந்த வெயில்ல எதுக்கும்மா இது?" என்றான் அவன், வெறும் மேலுதட்டை மறைத்துக்கொண்டு.

"நரிங்க பாக்கட்டும்னுதான் அண்ணே."

அவன் அதற்குப் பிறகு அந்தக் கம்புகள் பக்கம் வரவில்லை. மீனும் வரவில்லை, அந்த வருஷமும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. யாசெப் ஒரு நாள்கூட உட்காராத இடத்தை அவளே பாழாக்கியிருந்தாள். நாணல் மூலையிலிருந்து திரும்பும்போது சில நாள் அங்கே படகைக் கட்டி, கம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுவாள். மன்னிப்பு யாசெப்பிடம் மட்டும்தான் கேட்டாள்.