மேசையில் இரண்டு டப்பாக்கள்

இரண்டு டப்பாக்கள், இரண்டிலும் சாம்பல் நிறத் தூள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்று சட்டென்று எரியும் வெடிமருந்து, மற்றது நிதானமாக எரிவது. ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் மேசையில் இருக்கலாம் என்பது எங்கள் அறையின் முதல் விதி. அதை நாங்கள் மீறிய நாளை இன்னும் என்னால் விட முடியவில்லை.

ஐதராபாத்துக்கு வெளியே ஒரு சோதனைக்கூடம் அது. கைத்துப்பாக்கித் தோட்டாக்களைக் கையால் நிரப்பித் தரும் வேலை எனக்கும் என் தோழிக்கும். அழுத்தம் அதிகமான வகை என்பதால் எந்தக் குண்டுக்கு எந்த மருந்து என்பதில்தான் எல்லாம் இருந்தது. கனமான குண்டு நகரவே நேரமெடுக்கும். அதன் பின்னால் நிதானமான மருந்துதான் இருக்க வேண்டும். அவசரக்கார மருந்தை வைத்தால் துப்பாக்கியே பிளந்துவிடும். பிடித்திருக்கும் கையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

பேச வேறு எவ்வளவோ இருந்தது. அவள் நாகர்கோவில், நான் மதுரை. அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச வேறு ஆளில்லை. விடுதியில் வாய் திறக்காமல் கிடந்துவிட்டு, காலையில் அவளைக் கண்டதும் கொட்டித் தீர்ப்பேன். எனக்கு அவள் பேச்சுதான் சோறு.

அன்று காலையில் லேசான குண்டுகள், பிறகு கனமானவை. அவள் தன் மாமியாரைப் போலவே பேசிக் காட்ட, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கனமானதில் நாற்பது தோட்டா முடிந்தபின் பார்த்தால் மேசையில் இரண்டு டப்பாக்களும் திறந்திருந்தன. முந்தையதை எடுத்து வைக்க அவள் மறந்திருந்தாள். எதிலிருந்து எடுத்துப் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

"ஏட்டி, மெதுவா எரியுறதத்தான் போட்ட. நான் பாத்தேன்லா" என்றாள். அவள் ஒப்பந்த ஊழியர், அந்த மாதம்தான் நிரந்தரமாக்கப் பேச்சு நடந்தது. "வெளிய சொல்லிராத. எனக்கு வேலை போயிரும்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, "கைக்கு லேட், மேடம்?" என்று, ஏன் தாமதம் என்பதை ஐதராபாத் இந்தியில் கேட்டுச் சிரித்தார், எங்கள் தோட்டாக்களைச் சுட்டுச் சோதிப்பவர். கதவின் மேல் அவர் வலது கை இருந்தது. நான் நேராக அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

சந்தேகம் வந்தால் அழிப்பதுதான் வழக்கம். நாற்பதையும் பிரித்துக்கூடப் பார்க்காமல் அழித்தார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவள் சொன்னது சரிதானா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. திரும்ப அப்படி நேர்ந்தாலும் போய்ச் சொல்வேன். அதற்காக மனசு ஆறிவிடுமா என்ன?

இப்போது ஐதராபாத்திலேயே, கொண்டாப்பூரில் சொந்த ஃபிளாட். பிள்ளைகளிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வருகிறது. போன மாதம் அமீர்பேட் மெட்ரோவில், நெரிசலில், அவளைப் பார்த்தேன். கூந்தல் நரைத்திருந்தது. "ஏட்டி, எப்படி இருக்க?" என்று அவள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டுவிட்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது என்பது எனக்கும் தெரிந்தது. பிறகு இந்தியில், முன்பின் தெரியாதவரிடம் கேட்கும் மரியாதையோடு, கொஞ்சம் வழி விடுங்கள் என்றாள்.

விட்டேன்.