காக்கா மிஸ்ஸான மாலை

இன்று அக்கரைப்பற்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மாணவி, "ஓம், நானும் உன்ன மிஸ் பண்றன்" என்று சிரித்துக்கொண்டே போனில் சொன்னாள். அந்த 'மிஸ்' என்ற சொல் என்னைப் பழைய ஒரு மாலைக்குக் கொண்டுபோனது.

தொண்ணூறுகளில் ஒருநாள் என் காக்கா, எங்கள் மூத்த அண்ணன், வேலை விசயமாகப் பொத்துவிலுக்குப் போயிருந்தார். கல்முனைக்குடியில் எங்கள் தெருவுக்கே ஒரு போன்தான், சந்தி மருந்துக்கடையில், பாமசியில். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பாமசிக்காரர் வீட்டுக்கு வந்தார்.

"போன்ல ஒராள் கதைச்சாரு, சரியா கேக்கல்ல. உங்கட மகன் மிஸ்ஸெண்டு மட்டும் விளங்கிச்சு."

போர் நடந்த அந்த வருடங்களில் எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். போனவர் திரும்பவில்லை.

உம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வாப்பா பொலிசுக்குப் போகச் சட்டையை மாட்டினார். பொத்தான்களை மாற்றிப் போட்டதால் நான்தான் சரியாகப் போட்டுவிட்டேன்.

அவர் வாசலுக்கு இறங்கவும் தேங்காய் லொறி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து காக்கா குதித்தார். எல்லோரும் அழுவதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"பஸ் மிஸ்ஸாயிட்டு, லொறியில வாறன் எண்டு பாமசிக்கு போன்ல செல்லித்தானே வந்த?"

வாப்பா காக்காவின் தோளை விடாமல் பிடித்துக்கொண்டார். உம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இனி பஸ்ஸ உட்டுட்டன் எண்டு தமிழ்ல செல்லு மகன்."

அன்றோடு அந்தச் சொல் எங்கள் வீட்டில் தடை. தங்கச்சியின் வகுப்பு மிஸ்ஸைக்கூட உம்மா 'டீச்சர்' என்றுதான் சொல்லுவார்.

உங்கள் வீட்டில் எந்தச் சொல்லுக்குத் தடை?