நாலு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு

மெல்பர்னை அடுத்த டான்டினாங் பக்கம், பழைய கார்களை உடைத்து விற்கும் முற்றம் ஒன்றில், எண்ணெய் ஊறிய சாக்கின்மேல் இரண்டு பின் அச்சுகள் கிடந்தன. இன்றும் கண்ணை மூடினால் அவை அப்படியே தெரிகின்றன. ஒன்றில் துரு அதிகம். மற்றதன் சக்கர முனையில் மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து எடுத்த சாக்பீசால் ஒரு கோடு போட்டார். பாடம் நடத்தப் போட்டுப்போன கால்சட்டையோடே மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் எஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று கையால் திருப்பி எண்ணினார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." நாலாவது சுற்று முடியும் முன்பே கோடு மேலே வந்துவிட்டது. "நாலுக்குக் கொஞ்சம் குறைய," என்றார். துருப்பிடித்த அச்சு மூன்றைக்கூட எட்டவில்லை.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எழுபதுகளின் நடுவில் மெல்பர்ன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தார். நான் திருச்சிக்காரன், மல்கிரேவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைகிற வேலை. ஒரே வாடகை வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். அவருக்கு இந்த நாட்டில் சொந்தமென்று இருந்தது ஒரே தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அவர் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்த தங்கை. அவள் கல்யாணமாகி சிட்னிக்கு, ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு வந்தாள் என்பதற்காகவே அவரும் கப்பலேறினார். வேலை மட்டும் மெல்பர்னில் கிடைத்தது.

வேட்டியைக் கூட இஸ்திரி போட்டுக் கட்டும் அந்த மனிதர் வாங்கிய கார்தான் எனக்குப் புரியாத புதிர். எட்டு சிலிண்டர், இரண்டு கதவு, ஆரஞ்சு நிறம். தெருக்கோடியில் வரும்போதே வீட்டு ஜன்னல் அதிரும். முன்பு வைத்திருந்தவன் அதை ஓட்டிய ஓட்டில் பின் அச்சு தேய்ந்து முனகத் தொடங்கியிருந்தது. மாற்றியே ஆகவேண்டும். அதற்காகத்தான் அந்த முற்றத்துக்குப் போனோம்.

விஷயம் எளிமையானது. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் அதிகம் சுற்றினால், நின்ற இடத்திலிருந்து வண்டி பாயும். ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் அலறும், சூடேறும். எஞ்சின் குறைவாகச் சுற்றும் அச்சு போட்டால் புறப்படுவதில் சோம்பல். நீண்ட தூரத்துக்கு அலுங்காமல் போகும். கடைக்காரர் ஒரு கிரேக்கக் கிழவர். துருப்பிடித்ததைக் காலால் தட்டி, இது நீண்ட சாலைகள் உள்ள நாடு, இதைக் கொண்டு போங்கள் என்று இரண்டு முறை சொன்னார். மாஸ்டர் கேட்கவில்லை. அவருக்குத் தேவை பாய்ச்சல்.

ஏன் என்று எனக்குத் தெரியும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்கும். அதிலிருந்து எங்கள் நிறத்தைச் சொல்லி ஒரு வார்த்தை வரும், சில நாள் எச்சிலும் வரும். பச்சை விழும்வரை இருவரும் நேரே பார்த்துக்கொண்டு, காது கேளாதவர்களைப் போல உட்கார்ந்திருப்போம். பின்னக் கணக்குக்கு முப்பது பிள்ளைகளை அடக்கி வைக்கிற மனிதர், அந்த அரை நிமிடத்தில் கூனிக் குறுகிப் போவார். "தம்பி, நிக்கிற நேரத்தை நான் ஒண்டும் செய்யேலாது. பச்சை விழுந்தாப் பிறகு ஒரு சொல்லும் காதில விழக்கூடாது. அதுக்கு முதல் நான் போயிட வேணும்," என்றார் அன்று.

நானும் அந்த வார்த்தைகளைக் கேட்டவன். எனக்கும் ரோஷம் இருந்தது. அதனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "வீடு, ஸ்கூல், மார்க்கெட். வேற எங்க போகப் போறோம் மாஸ்டர்? சிட்னிக்கா ஓட்டப் போறீங்க? அதுக்குத்தான் பிளேன் இருக்கே!" என்றேன்.

"ஓம், அதுவும் சரிதான்," என்று, கோடு போட்ட அச்சுக்கே பணத்தை எடுத்தார்.

ஆறு மாதம் நாங்கள் ராஜாக்கள். பச்சை விழுந்ததும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். "கண்ணாடியில பாரும், கடுகளவு தெரியிறான்!" என்று மாஸ்டர் குழந்தையைப் போலச் சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்காகவேனும் நாங்கள் செய்தது சரி என்று நினைத்துக்கொள்வேன்.

ஜனவரியில் ஒரு நாள் விடிகாலை தொலைபேசி அடித்தது. தங்கையின் கணவர். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள், நினைவு மட்டும் இருக்கிறது, அண்ணாவைக் கேட்கிறாள். அந்த வாரம் விமான நிலையத்தில் வேலைநிறுத்தம். ரயில் மாலையில்தான். ஆறு மணிக்கு அந்த ஆரஞ்சுக் காரில் கிளம்பினோம், ஓட்டியது நான்.

முதல் நூறு மைல் அழுத்தியே ஓட்டினோம். பிறகு வெயில் ஏறியது. எழுபதில் போனால் சூட்டுமுள் சிவப்பைத் தொட்டது. அறுபதிலும் தொட்டது. ஐம்பதில் மட்டும் சிவப்புக்குக் கீழே நின்றது, அதுவும் மேடு வந்தால் இல்லை. மேட்டுக்கு மேடு நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றினோம். செம்மறி ஆடுகள் ஏற்றிய லாரி ஒன்றை மூன்று முறை முந்தினோம். நாங்கள் நின்ற மூன்று முறையும் அது எங்களைக் கடந்து போனது. முதல் தடவை அந்த ஓட்டுநர் கையசைத்தான். மூன்றாம் தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாஸ்டர் கைக்குட்டையால் ரேடியேட்டருக்கு விசிறிக்கொண்டிருந்தார். கொதிக்கும் இரும்புக்கு விசிறி என்ன செய்யும்? நான் தண்ணீர் தேடிப் போனேன்.

ஊருக்கு ஊர் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். போன் கூண்டின் கதவு மூடாததால் எனக்கும் கேட்கும். "ஆல்பரி தாண்டியிட்டம் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ." கன்டகாயில் இறங்கியபோது, நர்ஸ் ஒரு வரைபடம் கொண்டுவந்து கொடுத்ததாகவும், தங்கை அதில் விரல் வைத்து ஊர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் மறுமுனையில் சொன்னார்களாம். அண்ணாவைக் கவனமாக வரச் சொன்னாளாம். திரும்பி வந்து இதை என்னிடம் சொன்னவர், "பிள்ளை கன்டகாயில விரலை வைச்சிருக்கிறா. கெதியா விடும்," என்றார். நான் அழுத்தினேன், முள் ஏறியது, காலை எடுத்தேன். இதைத் தவிர என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

இப்போது எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சிட்னிக்கு ஒரு மணி நேரத்தில் பறக்கிறேன். கொடுக்கிற தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இறக்கிவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்திலும் அதே கணக்கைத்தான் போடுகிறேன். துருப்பிடித்த அச்சு இருந்திருந்தால், எஞ்சின் ஐம்பதில் சுற்றிய அதே சுற்றுக்கு வண்டி எழுபதில் போயிருக்கும். மூன்றரைக்குள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்போம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான். மாஸ்டர் இந்தக் கணக்கைப் போடவே இல்லை என்று நம்ப ஆசைப்படுகிறேன். கணக்கு வாத்தியார் அவர். ஆனால் சாகும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த முற்றத்தில் ஒரே ஒரு முறை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கோல்பர்னுக்கு நாங்கள் வந்தபோது மணி நாலரை. இன்னும் நூற்றிருபது மைல். மாஸ்டர் சில்லறையைக் கையில் எண்ணி எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போனார். இந்த முறை ஊரின் பெயரைச் சொல்லும் குரல் எனக்குக் கேட்கவில்லை. அவர் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார். பிறகு ரிசீவரைக் கவனமாக மாட்டிவிட்டு வந்து ஏறி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நாலேகாலுக்கு எல்லாம் முடிந்திருந்தது.

"இனி அவசரமில்லை, தம்பி," என்றார். "மெதுவா விடும்."

நாற்பதில் ஓட்டினேன். முள் மெல்ல இறங்கி நடுவில் வந்து நின்றது. எஞ்சினின் அலறல் அடங்கிவிட்டது. சிட்னிவரை ஓர் இடத்திலும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை.