வெடிக்காத வேட்டு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நானும் என் வீட்டுக்காரரும் அனந்தபுரம் சாலையோரத்துக் கல்குவாரியில் வேலை செய்தோம். பாறைக்கு வேட்டு வைப்பது அவர் வேலை. குழியில் மருந்து போட்டதும் மேலே களிமண்ணைத் திணித்து மரக்கட்டையால் கெட்டிப்பது என் வேலை. இரும்பு பட்டால் பொறி பறக்கும்.

நாங்கள் போட்டது வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த கருமருந்து. வெடிக்கிறது என்று சொன்னாலும் உண்மையில் அது வேகமாக எரிவதுதான். எரிந்த புகை வெளியேற வழியில்லாமல் பாறையை உள்ளிருந்து நெம்பும். கல் நீளவாக்கில் பிளந்து கொடுக்கும். எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு அப்போது தூண்கல் வேண்டியிருந்தது.

புதிதாக வந்த மேஸ்திரி ரயில்பாதை வேலையில் டைனமைட் வைத்துப் பழகியவர். எங்களுடையது சோம்பேறி மருந்து என்றார். ஒருநாள் தானே டைனமைட் வைத்துக் காட்டினார். பாறை பாதி ஜல்லியாயிற்று. முழுசாகத் தெரிந்த பெரிய துண்டும் உளி பட்டதும் உள்விரிசலில் உதிர்ந்தது. சாலை போட அது போதும், தூணுக்கு ஆகாது. மறுநாள் கருமருந்தையே போடச் சொன்னார். ஆனால் எங்களிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அன்று விடியற்காலையில் மழை பெய்திருந்தது. என் வீட்டுக்காரர் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிவந்தார். பாறை மறைவில் வெகுநேரம் காத்திருந்தோம். வெடிக்கவில்லை. மேஸ்திரி சிரித்தார்.

“ஈரம் புடிச்சி அணைஞ்சி போச்சி. போய் நோண்டி வேற மருந்து போடு. இன்னாத்துக்குப் பயப்புடுற?”

என் வீட்டுக்காரர் எழுந்து நடந்தார். அப்போது கந்தகப் புகையின் வாசனை எனக்கு வந்தது. நனைந்த திரி சிலசமயம் அணையாமல் உள்ளேயே கனிந்துகொண்டு போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. ஆண்கள் பேசும் இடத்தில் மண் கெட்டிக்கிறவள் என்ன சொல்வது என்று நின்றேன். அவர் பத்துப் பதினைந்து அடி போய்விட்டார்.

“போவாதீங்க, உள்ள இன்னும் பொகையுது,” என்றேன்.

திரும்பினார். எங்களிடம் வந்துசேர்வதற்குள் பாறை தொம்மென்று வாய் பிளந்தது. ஒரு சில்லு அவர் தோளைக் கிழித்தது. மேஸ்திரி தன் துண்டைக் கிழித்துக் காயத்தைக் கட்டினார். முடிச்சை நான்தான் போட்டேன். இனி வேட்டு வெடிக்காமல் போனால் அந்தக் குழியருகே மறுநாள்வரை யாரும் போகக்கூடாது என்று மேஸ்திரி அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

நான் தயங்கி நின்றதை என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. வாசனை வந்ததும் கூப்பிட்டேன் என்றே சொல்லிவைத்தேன். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகுதான் ஒருநாள் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தோள் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எனக்கும் வாசனை வந்துது,” என்றார். “அவன் சிரிச்சிட்டானேன்னு போனேன்.”